படத்தில் படிந்த மஞ்சள்

பக்கத்தில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தால் நமக்குச் சோறு இறங்காது. 1973ஆம் வருஷம் ஆனி மாதம் எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. என் நைனா ஒரு கவளம் வாயில் வைப்பார், இருமுவார், தட்டைத் தள்ளிவிட்டு வாசலில் போய் நிற்பார். திரும்பி வரும்போது கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். துவைக்கும்போது பார்த்தேன். இரத்தம். இரத்தத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கறை. எவ்வளவு சோப்பு போட்டாலும் அந்த மஞ்சள் போகவில்லை.

அம்மனை நம்புகிற உங்களுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டிச் சொல்ல எனக்கு அவசியம் இல்லை.

என் பெயர் தனலட்சுமி. மயிலாப்பூரில் குடியிருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், கஷ்டப்பட்டு வாங்கிய பெருமை அது. சிறு வயதிலேயே அம்மாவை இழந்தேன். அப்பாவும் அம்மாவும் எனக்கு நைனாதான். ராயப்பேட்டையில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் அவருக்குத் தொட்டி வேலை. சைக்கிள் ஹேண்டில்பார், தண்ணீர்க் குழாய் போன்றவற்றைக் குரோம் தொட்டியில் தொங்கவிட்டு, கரண்ட் கொடுத்து, பளபளவென்று வெளியே எடுப்பார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். படிப்பு முடிந்ததும் அதே பட்டறையின் முன்னறையில் பில் எழுதும் வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். அவர் திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் ஓடும்போது குரோம் தொட்டி நுரைக்கும். நுரையிலிருந்து பனிபோல ஒன்று எழும்பும். மஞ்சள் நிறப் பனி. அதை இழுத்து வெளியே தள்ள ஒரு விசிறி வைக்கவேண்டும் என்று ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டிருந்தார். அண்ணாச்சியும் வைத்தார். ஆனால் தொட்டிக்கு நேர் எதிர்ச் சுவரில் அம்மன் படம் மாட்டியிருந்தது. அதற்கு முன்னால் காலையில் ஏற்றுகிற விளக்கு வேலை முடியும்வரை எரிய வேண்டும். நடுவில் அணைந்தால் கெடுதல் வரும் என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. விசிறி ஓடினால் விளக்கு அணைந்தது. அதனால் விசிறியை நிறுத்திவிட்டார். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் அது ஓடும். ரப்பர் கையுறைகளும் அப்படித்தான், அவருக்குக் காட்டுவதற்கென்று புதுசு கலையாமல் பீரோவில் இருந்தன. புகைக்கு மாற்றாக அண்ணாச்சி சாயங்காலம் எல்லோருக்கும் வெல்லமும் வாழைப்பழமும் தன் கையாலேயே கொடுப்பார். வெல்லம் தின்றால் நெஞ்சில் இருக்கும் புகை இறங்கிவிடும் என்று மனதார நம்பினார்.

நைனாவை ராயப்பேட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா அவர் மூக்கில் லைட் அடித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருந்தது. இந்தப் பக்கம் அடித்த வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிந்தது.

"குரோம் வேலையா? இந்தப் புகை மூக்கோட நிக்காதும்மா. நெஞ்சுக்குள்ள போய்க்கிட்டிருக்கு. திரும்பவும் அதே புகையில நின்னா என் மருந்து ஒண்ணும் பண்ணாது."

வெளியே வந்ததும் நைனா சிரித்தார். "நீ காதுல ஓட்டை போட்டுக்கினு சுத்தல? எனக்கு மூக்குல. இன்னா இப்போ?"

மருந்து வாங்கியதும் மறுபடி வேலைக்குக் கிளம்பிவிட்டார். "தொட்டிய நான் பாக்காம வேற யாரு பாப்பா? அண்ணாச்சி நம்மள நம்பிக்கினு கீறாரும்மா."

அண்ணாச்சியிடம் போய் நின்றேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தொட்டியில் கரைக்கிற குரோம் மருந்து வந்த டிரம்மின் மேல் ஒட்டியிருந்த இங்கிலீஷை வாசித்து, ஆவியை முகரக் கூடாது, காற்றோட்டம் வேண்டும் என்று போட்டிருப்பதை விளக்கினேன்.

"அது வெள்ளக்காரன் அவன் ஆளுகளுக்கு எழுதினது தாயி" என்றார். "நம்ம ஒடம்பு வேற. நமக்கு அம்மா இருக்கா."

"நான் அம்மனை நம்பாதவளா அண்ணாச்சி? விசிறியைப் போடுங்கன்னுதானே கேக்கறேன்."

"வெளக்கு அணைஞ்சிரும்லா? அப்பறம் ஒங்க அப்பாவ யாரு காப்பாத்துவா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே நைனாவுக்காகத்தான் பயந்தார்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முன்னறையில் பில் எழுதுவேன், காது உள்ளே இருக்கும். இருமல் கேட்டால் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம். எழுந்து போய்ப் பார்ப்பேன். பேனாவைத் தேடுவதுபோல மறுபடியும் போவேன். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லாமல் மயிலாப்பூர்வரை நடப்பேன். எங்கள் தெரு அம்மன் கோயிலில் பிரகாரம் சுற்றத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. எனக்கு அழகாக வேண்டிக்கொள்ள வராது. "தாயே, உன் விளக்கை நான் குறை சொல்ல முடியாது. நான் சொன்னால் அவர் கேட்கவும் மாட்டார். நீயே சொல்லிவிடு. நைனாவின் மூச்சு போவதற்குள் சொல்லிவிடு." தினமும் இதேதான்.

ஆடி பிறந்தது. காற்று எழும்பியது. விளக்கு அணையக் கூடாதென்று, இருந்த ஒரே ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து வேலையும் குவிந்தது. தொட்டி நாள் முழுக்க ஓடியது.

ஆடி வெள்ளியன்று காலையில் அண்ணாச்சி விளக்கேற்றப் போனவர் கத்திவிட்டார். ஓடினேன். படத்தின் கண்ணாடியில், அம்மன் முகத்தின் மேல், மஞ்சள் பூத்திருந்தது.

"ஆடி வெள்ளியும் அதுவுமா அம்மா மஞ்சப் பூசி வந்துருக்கா!" அண்ணாச்சியின் கண்ணில் நீர் வழிந்தது. விரலால் தொட்டு நெற்றி நிறைய இட்டுக்கொண்டார். செய்தி தெருவுக்குப் போயிற்று. பூக்காரம்மா முழக்கணக்குப் பார்க்காமல் பூவை வைத்தாள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கற்பூரத்தோடு வந்தார்கள். நைனாவும் இருமிக்கொண்டே கும்பிட்டார்.

நான் மட்டும் கும்பிடவில்லை. அந்த மஞ்சள் எனக்குத் தெரியும். கல்லில் அடித்து அடித்துத் துவைத்த மஞ்சள். என் மனசு உடைந்துவிட்டது. நீயே சொல்லிவிடு என்றேனே, இதையா சொன்னாய்? இனி இந்த அறையில் எந்தக் காலத்திலும் விசிறி ஓடாதே!

மத்தியானம் அண்ணாச்சியின் மனைவி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். கைக்குழந்தை. சில நாளாக வீறிட்டு அழுகிறதாம்.

"நெத்தியில இட்டுட்டு நாக்குலயும் ஒரு துளி தடவுங்க" என்றார் அந்த அக்கா.

அண்ணாச்சி கண்ணாடியில் விரலைத் தேய்த்தார். விரல் குழந்தையின் பக்கம் போயிற்று. தாயே என்று மனசுக்குள் ஒரு சத்தம். அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம் அண்ணாச்சி! அது மஞ்சள் இல்ல!"

"ஏ புள்ள, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கைய விடு!"

நான் விடவில்லை. நைனா பதறிப்போய், "இன்னாமா பண்ற, முதலாளிமா அவரு!" என்றார். அப்போது பாலிஷ் போடுகிற கரீம் பாய் மூலையிலிருந்து குரல் கொடுத்தார்.

"கோச்சிக்காதீங்க அண்ணாச்சி. அம்மா என் லுங்கி மேலயும் மஞ்ச பூசிக்கினு கீறாங்க. நான் மசூதிக்குப் போற ஆளாச்சே, எனக்கு இன்னாத்துக்கு?"

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். நான் நைனாவின் இடுப்பிலிருந்த கைக்குட்டையை உருவிப் படத்துக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தேன்.

"இது எங்க நைனா மூக்கிலேருந்து வந்தது. பாருங்க. ரெண்டும் ஒண்ணா இல்லையா?"

அண்ணாச்சி பார்த்தார். அவர் மனைவிதான் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நெத்தி ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? தோலு வழண்டு வருதே!"

"காலையிலேருந்து எரியுது" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "அருளுன்னு நெனச்சேன்."

அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார்.

அண்ணாச்சி கையைக் கழுவினார். கரண்டை நிறுத்தினார். படத்துக்கு முன்னால் போய் நின்றார். "அம்மா மொகத்துலயே இத்தன நாளும் வெசத்த ஊதியிருக்கோமே" என்று அழுதார். படத்தைத் துடைக்கப் போனவரை நிறுத்தி, பீரோவைத் திறந்து கையுறையை நீட்டினேன். மாட்டிக்கொண்டு துடைத்தார். அந்தக் கையுறைக்கு அதுதான் முதல் வேலை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கேட்டபடியே அவள் சொல்லியிருந்தாள். நான் சொல்லிக் கேட்காதவருக்குத் தன் முகத்தில் எழுதிக் காட்டியிருந்தாள். எனக்குத்தான் வாசிக்க நேரமாயிற்று.

படம் முன்னறைக்கு வந்தது. இப்போது என் மேஜைக்குப் பக்கத்தில் விளக்கு அசையாமல் எரிகிறது. உள்ளே விசிறி ஓடுகிறது. அது ஓடாமல் கரண்ட் போடக் கூடாது என்பது அண்ணாச்சியின் கட்டளை. தொட்டிக்கு மூடி வந்தது. கையுறையும் ரப்பர் ஏப்ரனும் இல்லாமல் யாரையும் அருகே விடுவதில்லை. அவ்வப்போது டாக்டரை வரவழைத்து எல்லோர் மூக்கையும் பார்க்கச் சொல்கிறார், தன் மூக்கையும். வெல்லம் இன்னும் கொடுக்கிறார். கையைக் கழுவியவர்களுக்கு மட்டும்.

நைனாவைத் தொட்டியிலிருந்து எடுத்து, முன்னறையில் சரக்குப் பார்த்து அனுப்பும் வேலையில் வைத்தார். மூக்கின் ஓட்டை மூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மல்லிகை வாசனை, மீன்குழம்பு வாசனை எதுவும் நைனாவுக்குத் தெரியாது. அதுவும் வேண்டும் என்று நான் இன்னும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இரத்தம் நின்றது. மூச்சு திரும்பியது. சோற்றைத் தட்டோடு முடிக்கிறார்.

பட்டறை வைத்திருக்கிற பக்தர்களே, உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். விளக்கு அணையும் என்று காற்றை அடைக்காதீர்கள். உங்கள் ஆட்களின் கைக்குட்டையை ஒருநாள் வாங்கிப் பாருங்கள். தவித்துக்கொண்டிருக்கிறவர்களே, அவளிடம் தைரியமாகக் கேளுங்கள். பதில் முதலில் உங்களுக்கு எதிராகவே தெரிந்தாலும் ஓடிப்போகாமல் நில்லுங்கள்.

இந்த ஆடியில் எங்கள் தெருக் கோயிலில் கூழ் ஊற்றினோம். புகை ஆகாதென்று, வீட்டில் கூழ் காய்ச்சிய அடுப்புப் பக்கம் நைனாவை விடவில்லை. அவருக்குக் கோபம். ஆறியிருந்த கூழ்ப் பானை ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோயிலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். பயந்துபோய் நான் பின்னாலேயே ஓடினேன். எங்கும் நிற்கவில்லை, எங்கும் இறக்கி வைக்கவில்லை. கோயில் வாசலில்தான் திரும்பினார்.

"இன்னாத்துக்குப் பின்னாடியே வந்துக்கினு கீற? மூச்சு கீதும்மா எனக்கு. போ, போய் ஜனங்களுக்கு ஊத்து."