மேட்டுக்கு அனுப்பி வைத்தவள்

அன்னலட்சுமிக்கு மகாவலி ஆற்றைப் பிடிக்காது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று வெளியூர்க்காரர்கள் ஆற்றைப் போட்டோ எடுக்கும்போது, அவள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தபடி போவாள். ஆனால் வாழ்க்கைப்பட்டது ஆற்றங்கரையில்தான். கடைத்தெருவுக்குப் பின்னால் சரிந்து இறங்கும் ஒரு சந்தில், கடைசிக்கு முந்தின வீடு. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மூங்கில் புதர், அதற்கு அந்தப்பக்கம் தண்ணீர்.

புருசன் ராஜலிங்கம் ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்கியவர். பாறை மாதிரி ஆள். ஒருநாள் தூக்கிய மூட்டையோடு கடை வாசலிலேயே சரிந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சு மட்டும் தப்பியது. "வாயும் போயிருந்தா ஒனக்கு நிம்மதி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பிள்ளை இல்லை. பல்லேகல கார்மென்ட்ஸில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, அன்னலட்சுமி வீட்டிலேயே இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே அவளுடைய நாள் கழிந்தது.

அவர் விழுந்த அடுத்த மழைக்காலத்தில் ஆறு சந்துக்குள் ஏறியது. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டபோது, அவரைத் தன்னந்தனியாகத் தூக்கப் பார்த்தாள் அன்னலட்சுமி. கால் வழுக்கியது. இரண்டு பேரும் சேற்றுத் தண்ணீருக்குள் விழுந்தார்கள். அவர் தலை உள்ளே போனது. இவளால் தூக்க முடியவில்லை. போட்ட சத்தத்தில் மேல்வீட்டு இன்ஷாப் ஓடி வந்திருக்காவிட்டால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆட்டோ ஓட்டுகிற இன்ஷாப், அவரை முதுகில் போட்டுக்கொண்டு சந்து முழுக்க ஏறினான். அன்றிலிருந்து அவன் இவளுக்குத் தம்பி.

உயிர் தப்பியது. ஆனால் கேம்ப் என்று கொண்டுபோய் விட்ட பள்ளிக்கூடத்தில் ராஜலிங்கம் பட்டது வேறு. அத்தனை குடும்பங்களுக்கு நடுவே தரையில் பாய். கக்கூஸ் மைதானத்துக்கு அந்தப்பக்கம். தூக்கிப் போவதற்குள் பாயிலேயே ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை; மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் படுத்தார்கள், அவ்வளவுதான். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவை சொன்னார்:

"அன்னம், ஆத்துல வேணா விட்டுரு. அங்க மட்டும் என்னைக் கொண்டுபோகாத."

அதன் பிறகு அன்னலட்சுமிக்கு வெள்ளத்தைத் தவிர வேறு யோசனை இல்லாமல் போனது. அலுமாரிக் கால்களுக்கு அடியில் சீமெந்துப் புளொக்கல் வைத்தாள். கூரை மரங்களுக்குக் குறுக்கே பலகை அடித்துப் பரண் போட்டாள். ஐடென்டிட்டி கார்டு, ஆஸ்பத்திரிக் கொப்பி எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி ஆணியில் மாட்டினாள். மழைக்காலம் பிறந்தால், மருந்தும் மாற்றுச் சாரமும் ஒரு பையில் வாசலிலேயே இருக்கும். கைப்பிடி வைத்த கதிரை ஒன்றுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, அவரை உட்காரவைத்து, இன்ஷாப்பும் அவளுமாகச் சந்து முனை வரை தூக்கிப் பார்த்தார்கள். சந்தே சிரித்தது.

"என்னடி, பொணம் தூக்கிப் பழகுறியா?" என்றார் ராஜலிங்கம்.

"வாயக் கழுவுங்க."

தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதற்கும் வழி செய்தாள். அவருடைய தங்கச்சி தெய்வானை ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருந்தாள். பழைய தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, தெய்வானையும் புருசன் கணேஸும் சீட்டுப் போட்டு வாங்கிய காணியில் கட்டிய வீடு. மாபிள் பதித்த தரை, அறையோடு ஒட்டிய கக்கூஸ். அன்னலட்சுமி நேரில் போய்க் கேட்டாள். தெய்வானை கோபித்துக்கொண்டாள்.

"இதக் கேக்கவா மழைல வந்தீங்க அண்ணி? அண்ணன் வந்தா எனக்குப் பாரமா? எப்ப வேணும்னாலும் கூட்டி வாங்க."

வீடு திரும்பும்போது அன்னலட்சுமிக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது.

கார்த்திகை முடிகிற சமயத்தில் புயல் வந்தது. மழை என்று சொல்ல முடியாது. வானத்தைக் கிழித்துக் கொட்டியது. கரண்ட் போனது. பொலிஸ் ஜீப் ஒலிபெருக்கியோடு வந்து, மேலே அணைக்கட்டில் கதவு திறக்கிறார்கள், கரையில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று சொல்லிப் போனது. கடையிலும் போனிலும் ஆற்றைப் பற்றித்தான் பேச்சு. மலையைப் பற்றி அவள் காதில் யாரும் ஒரு வார்த்தை போடவில்லை.

அவள் பதறவில்லை. விடிந்ததும் இன்ஷாப்பைக் கூப்பிட்டாள். பழகின மாதிரியே கதிரையைத் தூக்கினார்கள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ராஜலிங்கம் தோய்த்த சட்டை போட்டு, தலை சீவி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி ஆட்டோவில் சாய்ந்திருந்தார்.

"நீயும் ஏறு."

"சாமான மேல ஏத்திட்டுப் பின்னாலயே வந்துர்றேன். நீங்க போங்க."

"வெத்தில வச்சியா?"

"வச்சிருக்கேன். தெய்வானையப் போட்டு உயிர எடுக்காதீங்க."

அவள் கழுத்துச் சால்வையை எடுத்து அவர் நெஞ்சைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். ஆட்டோ கிளம்பியது.

இன்ஷாப் திரும்பி வந்து, கட்டிலை நிமிர்த்திக் கட்டக் கை கொடுத்தான். "அண்ணனப் பத்திரமாப் படுக்க வச்சிட்டன் அக்கா. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. வழில ஒரு எடத்துல கொஞ்சம் மண்ணு விழுந்தீக்கி. ஓரத்தால சுத்திப் போன."

"சரி தம்பி, அந்தக் கயித்த இறுக்கிப் பிடி" என்றாள் அவள். மண் என்ற சொல் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

மத்தியானத்துக்குள் பாதை மூழ்கி, மேலே போகிற வழி அடைபட்டது. அவள் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. பொழுது சாயும்போது ராஜலிங்கம் போன் எடுத்தார்.

"இங்க ஒரு சொட்டு ஒழுகல அன்னம். தெய்வானை சுடுதண்ணி வச்சி மேலத் தொடச்சி விட்டா. கக்கூஸ் பக்கத்துலயே இருக்கு. ராசா மாதிரி இருக்கேன். நீ தண்ணிக்குள்ள நிக்காத, கேட்டியா?"

"கேட்டேன்."

பிறகு யாருடைய போனும் வேலை செய்யவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த பெண் பெருமூச்சு விட்டாள். "நீங்க கெட்டிக்காரி அக்கா. மனுசன மேட்டுக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருக்கீங்க." அன்னலட்சுமிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மதியச் சோற்றுக்கு வரிசையில் நின்றபோது, இன்ஷாப் பள்ளிக்கூட வாசலில் நிற்பதைக் கண்டாள். இடுப்பு வரை சேறு. உள்ளே வராமல் நின்றான். அவளே தட்டோடு அவனிடம் போனாள்.

"அக்கா, வந்திட்டு அக்கா."

"என்னா வந்துச்சி? ஆறா?"

"ஆறில்ல." அவன் தலை குனிந்தான். "மல."

நடந்துதான் போனார்கள். மரங்கள் விழுந்து கிடந்த பாதையில் ஏறி, கடைசி வளைவில் திரும்பியபோது அங்கே வீடு இல்லை. வீடு இருந்த இடமும் இல்லை. உச்சியிலிருந்து பள்ளத்தாக்கு வரை தோலை உரித்த மாதிரி ஒரே செம்மண். அதன் நடுவே ஒரு பலாமரம் தலைகீழாக நட்டுக்கொண்டு நின்றது. ஆட்கள் மண்வெட்டியோடு எங்கே தோண்டுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

கணேஸ் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். சந்திப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போயிருந்ததால் பிழைத்தவர். பையில் பாண் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்தான் அழுதழுது சொன்னாள்: மலை உறுமுகிற சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள், தெய்வானையும் முற்றம் தாண்டி ஓடி வந்துவிட்டாள், பிறகு "அண்ணன்" என்று கத்திக்கொண்டு திரும்பி உள்ளே ஓடினாள்.

கணேஸ் தலையைத் தூக்கி அன்னலட்சுமியைப் பார்த்தார்.

"ஒங்க புருசன் இல்லாட்டி எம் பொண்டாட்டி இந்நேரம் இங்க நிப்பா."

அது உண்மை.

ஆமிக்காரர்கள் வந்தார்கள். பாதை திறந்து மண் அள்ளுகிற பேக்கோ மெஷின் ஏறுவதற்குப் பல நாள் ஆனது. அது வரை அன்னலட்சுமி மண்ணின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். எடுத்தபோது இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் எடுத்தார்கள். தெய்வானை அவருக்குப் பின்னால் இருந்தாள். இரண்டு கைகளும் அவர் கமுக்கட்டுக்குள் போய், நெஞ்சுக்கு முன்னால் கோத்திருந்தன. தூக்கியிருக்கிறாள். அந்தக் கோத்த விரல்களைப் பிரிக்க ஒரு ஆமிக்காரன் பட்ட பாட்டை அன்னலட்சுமி கண் கொட்டாமல் பார்த்தாள். சால்வை மண்ணோடு மண்ணாக அவர் கழுத்தில் இருந்தது.

ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்துக் குழியில் அடக்கம் செய்தார்கள். கணேஸ் அவள் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகு அவர் மஹய்யாவவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு இவள் தேடிப் போனபோது, வீட்டுக்காரர்கள் வாசலிலேயே நிறுத்தி, "அவரு ஒங்களப் பாக்க விரும்பல, கோவிச்சிக்காதீங்க" என்றார்கள். அவள் கொண்டுபோன பழப் பையை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

ஆற்றங்கரை வீட்டில் தண்ணீர் ஜன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டிருந்தது. பரணில் ஏற்றியது ஒன்றும் நனையவில்லை. உதவிச் சாமான் கொடுக்க வந்த ஒரு பெண்பிள்ளை அதையெல்லாம் பார்த்து ஆச்சரியப்பட்டாள். "எல்லாரும் உங்களைப் போல முன்கூட்டியே ஆயத்தமா இருந்தா எவ்வளவு நல்லம் அம்மா" என்று சொல்லி, பரணைப் போட்டோ எடுத்தாள். அன்னலட்சுமி "ம்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஷாப்தான் எழுந்து வெளியே போனான்.

அவனுக்கும் தூக்கம் இல்லை. ஒருநாள் வாசலில் வந்து நின்று, "மண்ணு விழுந்தீந்ததக் கண்ட நேரமே நான் திருப்பியீக்கணும் அக்கா" என்றான்.

"நீ சொன்னியே. நான்தான் கேக்கல."

அவன் அழுதான். அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. தேடிப் பார்த்தாள்; அவளிடம் ஆறுதல் இல்லை.

மறுபடியும் மழை பிடித்தது. இந்த முறை ஆற்றுக்கும் எச்சரிக்கை, மலைக்கும் எச்சரிக்கை. சந்து காலியாகிக்கொண்டிருந்தது. அன்னலட்சுமி ஒரு சாமானையும் தொடவில்லை. வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். இன்ஷாப் வந்து கூப்பிட்டான்.

"வாங்க அக்கா. தண்ணி ஏறுது."

"ஏறட்டும் தம்பி. நீ போ. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போ."

"நீங்க வராம நான் போகமாட்டன்."

"நான் பயந்ததால ரெண்டு உசுரு போச்சி. இனி எதுக்குப் பயந்து எங்க ஓட?"

அவன் நகரவில்லை. சந்து முனையில் ஆட்டோவுக்குள் அவன் மனைவியும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். சின்னது வீறிட்டு அழுவது மழைக்குள்ளும் கேட்டது. தன்னால் இன்னொரு குடும்பமும் நிற்கிறது என்று நினைத்ததும், அவள் கையை ஊன்றி எழுந்தாள். கதவைக்கூடச் சாத்தாமல் அவன் பின்னால் போய் ஏறினாள். பள்ளிக்கூடத்தில் யாரோ பாய் விரித்துக் கொடுத்தார்கள். சுவர்ப்பக்கமாகப் படுத்துக்கொண்டாள். கொண்டுவந்து வைத்த சோறு ஆறிப்போய் அப்படியே கிடந்தது.

அந்த முறை ஆறு கரையைத் தாண்டவில்லை. மலையும் அசையவில்லை. மழை விட்டதும் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அன்னலட்சுமியும் போனாள். அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.