றாபியா ராத்தாவின் ஒடுக்கத்துப் புதன்

என் கூடப்பிறந்த மூத்தவள் றாபியா ராத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், முதலில் என் கன்னத்தில் நானே ஓர் அறை அறைந்துகொள்ள வேண்டும். சொல்லாமல் இருந்தாலும் அந்த அறை பாக்கிதான். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கையில் ‘தையல் றாபியா’ என்றால் எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இடது கால் சூம்பிப் போனது. கலியாணம் பேசி வந்தவர்கள் அவள் நடப்பதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்த கையோடு எழும்பிப் போனார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள். மூத்தவள் இருக்க, வாப்பா வீட்டை எனக்கு எழுதி எனக்குக் கலியாணமும் முடித்து வைத்தார். ராத்தா அந்த வீட்டின் முன்னறையில் தையல் மெசினோடு இருந்தாள். அதற்காக ஒரு நாளாவது முகத்தைச் சுளித்தாளா? இல்லை. சுளித்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்!

அவள் படிக்கவில்லை. நான் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். அதனால் கலண்டர் பார்ப்பது என் வேலை. ஸபர் மாதம் பிறந்தால் போதும், மெசினை நிறுத்திவிட்டுக் கேட்பாள்:

“புள்ள நதீரா, ஒடுக்கத்துப் புதன் எப்ப வருது?”

ஸபர் மாதத்தின் கடைசிப் புதன் அது. அந்த மாதத்து முஸீபத்து, பீடையெல்லாம் அன்றோடு கழியும் என்று ஊர் நம்பியது. காலையில் பள்ளிவாசல் லெவ்வை மாவிலையில் ஓதி எழுதித் தந்ததைக் கழுவிக் குடித்துவிட்டு, சோறு கட்டிக்கொண்டு பெண்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போவோம். கடல் இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் மற்ற நாளில் ஒரு பெண்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நித்திரை கொள்வோம். அலையைப் பார்க்க வருடத்துக்கு ஒரு நாள்.

எழுபத்தெட்டுச் சூறாவளி கரையோரத்துத் தென்னந்தோட்டத்தை அடியோடு சாய்த்துப் போட்டது. அந்த வெளியைத் துப்புரவாக்கி ஊரார் ஒரு பூங்கா அமைத்தார்கள். சவுக்கங்கன்றுகள், உட்காரச் சீமெந்து வாங்குகள், இரும்புச் சங்கிலியில் தொங்கும் இரண்டு ஊஞ்சல்கள். எண்பதாம் ஆண்டு ஒடுக்கத்துப் புதனுக்கு அங்கேதான் போனோம்.

ராத்தா போனதும் போகாததுமாய் ஊஞ்சலில் ஏறிவிட்டாள். முப்பத்திநாலு வயது அவளுக்கு! சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு ஆடினாள். முக்காடு சரிந்து தோளில் கிடந்தது. வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு கரையில் கிடந்த தோணிவரை கேட்டிருக்கும். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“எறங்கு ராத்தா, எல்லாரும் பாக்காங்க” என்று சங்கிலியைப் பிடித்தேன்.

“பாக்கட்டுமே. ஊஞ்சல்ல நான் நொண்டி எண்டு தெரியுதா, செல்லு பாப்பம்?”

என் மாமி, அதாவது என் கணவர் றஸாக்கின் உம்மா, வாங்கில் இருந்தபடி, “என்ன நதீரா, ஒங்கட ராத்தாக்கு இப்பதான் பத்து வயசாகுதோ?” என்றார். சுற்றியிருந்த பெண்களெல்லாம் கெக்கலித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. யாரை நினைத்துக் கூசினேன்? சிரித்தவர்களை நினைத்தல்ல, ராத்தாவை நினைத்து. வெட்கங்கெட்ட மனுசி நான்.

அடுத்த வருடம் பிறைக் கணக்கு எனக்கு வசதியாக வந்து விழுந்தது. புதன்கிழமை, பிறை இருபத்திமூன்றிலும் வந்தது, முப்பதிலும் வந்தது. மாதம் முப்பது பூர்த்தியானால் முப்பதுதான் ஒடுக்கத்துப் புதன். இருபத்தொன்பது மாலையில் புதுப் பிறை தெரிந்துவிட்டால் ஸபர் முடிந்தது, முந்திய புதனோடு சரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: சந்தேகம் இருப்பதால் எல்லாரும் இருபத்திமூன்றிலேயே செய்துகொள்ளுங்கள் என்று. ராத்தா அந்த நேரம் மெசினை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கடகடப்பில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று எண்ணிக்கொண்டேன்.

பின்னேரம் வழக்கம்போலக் கேட்டாள். நான் கலண்டரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்து, “அடுத்த கிழமை ராத்தா. பிறை முப்பதுலதான்” என்றேன்.

“ஒழுங்கையில இந்தப் புதனுக்குப் போறம் எண்டு கதைக்காங்களே?”

“அவங்க அவசரக்காரங்க. எங்கட மாமி கூப்பிட்டா, நான் பேருக்குத் தலையக் காட்டிட்டு வாறன். நாம ரெண்டு பேரும் அடுத்த புதன் தனியாப் போவம். ஊஞ்சல்ல ஒரு சனமும் இருக்காது.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு நூலைக் கடித்து அறுத்தாள். “ஓம் புள்ள, அதுவும் நல்லதுதான்” என்றாள்.

இருபத்திமூன்றாம் பிறைக்கு நான் என் இரண்டு பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போனேன். மாரி மழை விட்டு வெயில் அடித்தது. மாமியோடு வாங்கில் இருந்து கச்சான் கடலை உடைத்துத் தின்றேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. கட்டுச்சோறு அன்றைக்கு நல்ல ருசியாக இருந்தது. அந்தச் சோறு எனக்கு ருசித்ததே, அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கிழமை முழுக்க ராத்தா அடுத்த புதனுக்கு ஆயத்தமானாள். ஒரு பச்சைச் சாரியைக் கழுவிக் காயவைத்து, கரிப்பெட்டியால் மடிப்பு எடுத்து வைத்தாள். நான் பார்த்தும் பாராதவள்போல நடந்தேன். முப்பது பூர்த்தியாகட்டும், நான் சொன்ன பொய் மெய்யாகட்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்டேன். பொய்யை மெய்யாக்கித் தரும்படி அல்லாஹ்விடமே கேட்டவள் நான்!

செவ்வாய்க்கிழமை அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு முற்றத்துக்கு வந்தேன். ராத்தா எனக்கு முன்னமே வேலியைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி நின்றாள். மேகம் மூடிக் கிடந்தது. எனக்கு உயிர் வந்தது. திரும்பி உள்ளே போகக் கால் எடுத்து வைத்த நேரம் அவள் குரல் கேட்டது.

“புள்ள, அந்தா பிறை.”

ஊசியில் நூல் கோக்கிற கண் அல்லவா? மேகத்தின் கிழிசலில் நக அளவு பிறை நின்றது. எனக்குத் தெரிய முன்னமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டாருக்கும் அவளே கூப்பிட்டுக் காட்டினாள். கையேந்தி ஓதி முகத்தில் தடவிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்ப ஸபர் முடிஞ்சிட்டு. வாற வருசம் போவம், என்ன?” என்றாள்.

வாற வருசம் வரவே இல்லை. இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாத காரியம், பெண்கள் கடற்கரைக்குப் போகக் கூடாது என்று பள்ளியில் பயான் பண்ணினார்கள். சரியோ பிழையோ, எங்கள் ஒழுங்கையில் ஒடுக்கத்துப் புதன் அதோடு நின்றுபோனது.

ஐந்து வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. எண்பத்தாறில் ஒரு பின்னேரம், என் மகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமி சொன்னது, நான் கூசியது, கலண்டரைப் பார்த்துச் சொன்ன பொய்.

அவள் மெசினை நிறுத்தினாள்.

“எனக்குத் தெரியும் புள்ள. பள்ளியில சென்னத நானும் கேட்டன்தானே. எனக்குக் காலுதான் பழுது, காது நல்லாக் கேக்கும்.”

“தெரிஞ்சும் ஏன் ராத்தா என்னை ஒண்டும் ஏசல்ல?”

“நீதான் அடுத்த புதன் போவம் எண்டியே. பிறை தெரியாம இருந்தா அதுவும் சரிதானே எண்டு பாத்துக்கிட்டு நிண்டன்.”

“பிறைய நீதானே முதல்ல கண்டாய். பேசாம இருந்திருக்கலாமே!”

“கண்டத எப்படிப் புள்ள காணல்ல எண்டு செல்லுற?”

நான் அவள் காலடியில் இருந்துவிட்டேன். மாப்புக் கேட்டேன். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்து, “எழும்பு ராத்தா, இப்பவே போவம். ஊர் என்னவும் செல்லட்டும். வா, ஊஞ்சல் இன்னும் இருக்கு” என்றேன்.

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, கழுத்துப் பட்டியைத் திரும்ப ஊசிக்குக் கீழே வைத்தாள்.

“வேணாம் புள்ள. நாலு பேர் பாத்தா ஒனக்குத்தான் வெக்கம்.”

குத்திக் காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. என் நன்மையை நினைத்துத்தான் சொன்னாள்.