எதுவிகிஸ் அக்காவின் தலைமுடி

எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில், எதுவிகிஸ் அக்கா மீன் வைத்த வாழைக்காய் வடைகளை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவாள். அவள் மகன் வில்மர் படகோடு காணாமல் போய் மூன்று மாதமாகியும் அவள் அழவில்லை. எங்கள் மந்தா ஊர்க் கடற்கரையில் இருந்த தன் கடையில் சிரித்தபடி வடை சுட்டாள்.

"கல்லு மனசுடி அவளுக்கு," என்று நானே கோயிலில் சொன்னேன். மோன்செராத் மாதா என்னை மன்னிக்கட்டும்.

கவலை உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க வந்த நர்ஸ், கடலுக்குப் போன ஆட்கள் திரும்பாத எங்கள் எல்லோரிடமும் ஒரு கொத்து முடி வெட்டிப் போனாள்.

"உடம்பு பதறினா ஒண்ணு சுரக்கும். அது முடியிலயும் தங்கிடும்," என்றாள்.

முடிவு வந்தபோது, ஊரிலேயே அது அதிகம் இருந்தது எதுவிகிஸ் அக்காவின் முடியில். ஓயாமல் அழுத எங்களுக்கு அதில் பாதிகூட இல்லை. நேரே அவள் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"ஏன்க்கா நீ ஒரு தடவகூட அழல?"

"அழுதா, அவன் போயிட்டான்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிடாதா?"

அடுத்த வாரமே அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்தாள்.

"கடைய மூடிடாதடி பெனிட்டா. பையன் பசியோட வருவான்."