ஜெர்மனிக்குப் போன அம்மி

லண்டனில் இருந்து ஜெர்மனிக்குக் காரில் போனவள் நான் என்று சொன்னால், மாத்தளைப் பக்கத்தில் எங்கள் ஊர் பலாபத்வலயில் இன்றைக்கும் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அம்மியும் குழவியுமாகப் போனேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஒரேயடியாகச் சிரித்து முடிக்கட்டும்.

மகளுக்கு அது தலைப்பிள்ளை. மருமகன் ஜெர்மனியில் மெஷின் வேலை படித்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, மஞ்சள், வெள்ளைப்பூண்டு எல்லாம் வைத்து அரைத்துக் கொடுக்கிற சரக்கு இருக்கிறதே, அது அம்மியில்தான் அரைபட வேண்டும். மெஷினில் அடித்தால் அது தூள், சரக்கு இல்லை. அதனால் எங்கள் பக்கத்து நாலந்தாவில் கொத்தி வாங்கிய என் அம்மியைக் கொழும்பில் கப்பலேற்றி, லண்டனில் இருந்த மகன் வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அங்கிருந்து அவனுடைய காரில் மகளிடம் போவதாக ஏற்பாடு.

டிக்கியில் அம்மியை வைத்ததும் காரின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

"உம்மா, இத இங்கேயே வச்சிட்டுப் போவோம். எல்லையில பறிச்சிருவாங்க."

"பறிக்கட்டும் பார்ப்போம். தூக்க ஏலுமா அவங்களால?"

கடலைத் தாண்டினால் பிரான்ஸ். அந்தக் காலத்தில் எல்லைக்கு எல்லை நிறுத்திச் சோதிப்பார்கள். அங்கே சுங்கக்காரர் அம்மியைப் பலாப்பழம் மாதிரித் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பழுக்கவில்லை போல, போகச் சொல்லிவிட்டார்.

பெல்ஜியம் வந்தது மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் நாலந்தாவைத் தாண்டினாலே வெயில் வேறு மாதிரி அடிக்கும், மண் நிறம் மாறும். இங்கே நாடே மாறுகிறது, ஆனால் அதே மாடு, அதே புல். குறுக்கே ஒரு கம்பம். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், வேறு வேறு தொப்பி. சரி, இந்த ஊரில் தொப்பிதான் நாடு என்று விளங்கிக்கொண்டேன். எங்கள் மலைக்கு அப்பால் லக்கலயில் யானைக்கு வேலி போடுவார்கள். அதுவும் போட்டவனுக்குத்தான் வேலி, யானைக்குத் தெரியாது.

ஜெர்மனி எல்லையில்தான் வந்தது வினை. நெட்டையாக ஒரு இளவட்டம் அம்மியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு உள்ளே போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தான்.

"கல்லுக்குள்ள என்னமோ ஒளிச்சு வச்சிருக்கோமாம். உடைச்சுப் பார்க்கணுமாம்" என்றான் மகன்.

நான் இறங்கினேன். "கீழ இறக்கி வைக்கச் சொல்லு."

"உம்மா, காருக்குள்ள ஏறுங்க. மானம் போகுது."

"என் அம்மி போகுது, உனக்கு மானமா?"

இறக்கி வைத்தார்கள். சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பையிலிருந்து மாத்தளை மிளகு ஒரு கை அள்ளிப் போட்டு, தண்ணீர் தெளிக்காமல் அரைத்தேன். காற்று அவர்கள் பக்கம் வீசியது. முதலில் நெட்டையன் தும்மினான். இவன் ஏன் தும்முகிறான் என்று பார்க்க வந்த மேலதிகாரிப் பெரியவரும் தும்மினார். பின்னால் காத்திருந்த காரில் ஒருத்தி கைதட்டினாள். பெரியவர் குழவியை எடுத்துப் புரட்டிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மியில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

"என்னவாம்?"

"போகட்டுமாம். சீக்கிரம் போகட்டுமாம்."

பெட்ரோல் அடிக்க நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்து பார்த்தேன். அம்மி இருந்தது. குழவி இல்லை.

"அந்தப் பெரியவர் கையிலேயே தங்கிட்டுது. காரைத் திருப்பு."

"உம்மா, ஒரு போத்தலை வச்சு உருட்டிக்கலாமே!"

"குழவி இல்லாட்டி அது வெறும் படிக்கல்லு. படிக்கல்லுக்கா அந்த மனுசங்க இவ்வளவு தும்மினாங்க? திருப்பு."

போனால், மேசை மேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க என் குழவியைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் வருவதைப் பார்த்ததும் நெட்டையன் முதலில் கைலேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான். குழவியை எடுத்தேன். காகிதமெல்லாம் பறந்தது. அது அவர்கள் பாடு.

மகள் கீழே இறங்கி வந்து தெருக்கதவைத் திறந்தபோது வயிறுதான் முதலில் வெளியே வந்தது. சலாம் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டாள்:

"உம்மா, அம்மி வந்திச்சா?"

வழிநெடுக முணுமுணுத்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "நான் இருக்கும்போது வராம இருக்குமா, தங்கச்சி? எல்லையில எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா?"

குழவியை மட்டும் என் கையில் எடுத்துக்கொண்டேன்.

"மற்றதை மேல கொண்டு வா, மகனே" என்றேன்.

மகள் வீடு மூன்றாம் மாடியில்.