சாப்பிடாத விருந்தாளி

போன புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். விரல் நீளம். தலைப் பக்கம் ஊதா, வால் பக்கம் மஞ்சள். கடல் மீன்!

என் வீட்டுக்காரர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அட்டெண்டர். ரிசப்ஷனில் இருக்கும் பெரிய மீன் தொட்டியும் இவர் பொறுப்புதான். புது மீனை நேராக அதில் விடக் கூடாதாம். நோய் இருந்தால் மற்ற மீன்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு மாதம் தனித் தொட்டி, தனி வலை, தனி வாளி. சபரிமலைக்கு மாலை போட்டவருக்குத் தனிப் பாய், தனித் தட்டு எடுத்து வைக்கிற எனக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்?

ஆபீசில் பெயின்ட் வேலை நடக்கிறது. "எங்க வீட்ல வச்சுப் பாத்துக்கறேன் சார்" என்று மேனேஜரிடம் இவரே வாக்குக் கொடுத்துவிட்டார். ஆஸ்டின் டவுனில், எங்கள் இரண்டு ரூம் வீட்டில் அமைதியான இடம் ஏது? சாமி அலமாரிக்கு எதிரேதான் வைத்தோம். ஊதுவத்திப் புகை ஆகாது, மணிச் சத்தம் ஆகாது என்றார். முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டையும் நிறுத்தினேன்.

மீனோ, தொட்டியில் போட்டிருந்த பைப் துண்டுக்குள் போனதுதான்... வெளியே வரவில்லை. மூன்று நாளாகச் சாப்பாடும் இல்லை. இவருக்கும் சோறு இறங்கவில்லை. "இது செத்துப் போச்சுன்னா ஆபீஸ்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

வீட்டுக்கு வந்தவரைப் பட்டினி போட மனசு வருமா? இறால் துணுக்கை — வெள்ளிக்கிழமை அதுவுமாக! — தண்ணீரில் விட்டு, கண்ணாடியில் மூக்கை வைத்தபடி உபசரித்தேன். "கொஞ்சமாவது சாப்பிடுப்பா." பக்கத்து வீட்டு ஜெயம்மாவும் வந்தார். கண்ணாடியைத் தட்டி, "ஊட்டா ஆய்த்தா?" என்று, சாப்பாடு ஆயிற்றா எனக் கன்னடத்தில் விசாரித்தார். மீன் இன்னும் உள்ளே போனது.

சனிக்கிழமை காலை இறாலைப் போட்டுவிட்டு, இனி உன் பாடு என்று முருகனிடம் ஒப்படைத்தேன். தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி நூற்றெட்டு முறை அவன் பெயரைச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால்... இறாலைக் காணோம். பைப் வாயில் ஒரு ஊதா மூஞ்சி!

எல்லாம் முருகன் செயல் என்றேன்.

"முருகன் செயல்தான்" என்றார் இவர். "ஆனா மூணு நாளா நீ தலைமாட்டுலயே நின்னா அது எப்படிச் சாப்பிடும்? இன்னிக்குத்தான் அதைத் தனியா விட்ட."

சுருக்கென்றது. பக்கத்தில் நின்று "இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்று நான் பரிமாறியதில், எத்தனை பேர் அரை வயிறோடு எழுந்து போனார்களோ?

மறுநாள் மத்தியானம் இவருக்குச் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் எடுத்து வைத்தேன். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். ஐந்து நிமிடம் ஆகியும் இவர் தட்டில் கை வைக்காமல் மெதுவாகக் கேட்டார்:

"ஏன் செல்வி... என் மேல என்ன கோவம்?"

இவருக்கும் ஒரு பைப் துண்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது.