கஞ்சாவின் மேல் போட்ட பழி

வன்னியில் போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். புதுக்குடியிருப்பில் டியூசனுக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிள் கடை. அங்கே வேலை செய்தவனோடுதான் எனக்குக் காதல். தன் முதலாளியைப் போலவே பேசிக் காட்டுவான். வயிறு நோகச் சிரிப்பேன். என்னோடு டியூசனுக்கு வரும் சிநேகிதிக்கு அவனைப் பிடிக்காது. "சிரிக்க வைக்கிறான் எண்டதுக்காக லவ் பண்ணுவியோ?" என்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு அவன் கூட்டாளிகளோடு சேர்ந்து கஞ்சா அடிக்கத் தொடங்கினான். கண் சிவந்து வருவான். முதலில் அதையும் பகிடியாகத்தான் எடுத்தேன். போகப் போக, யாரோடு கதைத்தேன், ஏன் பிந்தினேன் என்று கேள்விகள் கூடின. வகுப்பில் ஒரு பெடியனிடம் பாடக் குறிப்புக் கொப்பி வாங்கியதற்காக, ஒருநாள் டியூசன் விட்டு வரும் ஒழுங்கையின் முடக்கில் மறித்து, என் கையை முறுக்கிக் கன்னத்தில் அறைந்தான். கூட வந்த சிநேகிதி தன் சைக்கிளை நேராக அவன் காலில் ஏற்றினாள். அவன் நொண்டிக்கொண்டு விலக, ஓடி வந்துவிட்டோம். வலியை விட, யாராவது கண்டிருப்பார்களோ என்ற வெட்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வீட்டில் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் வகுப்பு வாசலில் நின்றான்.

"நான் அடிக்கேல்லை. கஞ்சாதான் அடிச்சது," என்றான் அழாத குறையாக.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கஞ்சாவை அடிச்சதும் நீங்கள்தான், என்னை அடிச்சதும் நீங்கள்தான். அதே வெறியோட கடைக்கும் போறனீங்கள்தானே. முதலாளி நாள் முழுக்க ஏசுறார். அவருக்கு ஏன் அடிக்கேல்லை?"

"அவருக்கு எப்பிடி அடிக்கிறது?" என்றான், உண்மையாகவே திடுக்கிட்டு.

"அப்ப ஆருக்கு அடிக்கலாம் எண்டு கஞ்சாவுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு," என்றாள் சிநேகிதி.

அன்றோடு முடித்தேன். பின்னேரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காதலித்ததற்கு ஒரு ஏச்சு, அடி வாங்கியதை மறைத்ததற்கு இரண்டு ஏச்சு, பிறகு கோழிக்கறியோடு சோறு.

சில மாதங்கள் கழித்து, சிநேகிதியும் நானும் கிளிநொச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் அவனைக் கண்டோம். கண் தெளிந்திருந்தது.

"விட்டிட்டன்," என்றான்.

"நல்லது," என்றேன், மனதாரத்தான்.

"அப்ப நாங்கள்?"

"அது முடிஞ்சுது. நீங்கள் சுகமாய் இருங்கோ."

தலையாட்டிவிட்டு விசுவமடுவில் இறங்கிப் போனான்.

"கவலையோ?" என்று சிநேகிதி மெல்லக் கேட்டாள்.

"பசி," என்றேன். புதுக்குடியிருப்பில் இறங்கி ஆளுக்கு இரண்டு றோல்ஸ் தின்றோம்.