கண்ணாடியைக் கழற்றாமல்

அம்மாவின் சிரிப்பைக் கூடத்துச் சுவரில் மாட்டிய நாளிலிருந்துதான் பெரியவளுக்கு அந்த வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

படத்தை எடுத்தவள் அவளுடைய தங்கை. காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. பல வருடம் வெளியூர்களில் இருந்துவிட்டு, மாற்றல் வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கே வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு வருவாள், அம்மாவோடு சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். அப்படி ஒரு ஞாயிறன்று தோளில் தொங்கிய பழைய ஃபிலிம் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். என்னவோ சொன்னாள். அம்மா தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். கிளிக். அவ்வளவுதான். அடுத்த முறை வந்தபோது அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்து, ஆணியையும் தானே அடித்துவிட்டுப் போனாள்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். “அம்மாவை அப்படியே பிடிச்சிட்டாளே சின்னவ!”

அந்த அம்மாவைக் குளிப்பாட்டுவது யார்? இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கியது யார்? மாத்திரையை வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்து, முழுங்கினாளா இல்லை தலையணைக்குக் கீழே ஒளித்தாளா என்று பார்ப்பது யார்? இவ்வளவும் செய்கிற பெரியவளுக்குக் கிடைப்பதெல்லாம் “தண்ணி சூடு பத்தலை”, “மெதுவாடி, உரிக்கிறியா தேய்க்கிறியா?” இவைதான். தலையைச் சாய்த்துச் சிரிக்கிற ஒரு அம்மா அந்த வீட்டில் இருப்பதே அவளுக்குப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

போதாக்குறைக்கு, அந்தச் சிரிப்பில் பளிச்சென்று தெரிந்த பற்கள் பெரியவள் செய்தவை. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிற ஒரு லேபில் அவளுக்கு வேலை. மெழுகில் ஈறு வார்த்து, அம்மாவின் நிறத்துக்குத் தகுந்த பல்லைப் பொறுக்கியெடுத்து, முன்பல் ஒன்றை வேண்டுமென்றே இம்மியளவு கோணலாக வைத்திருந்தாள், நிஜப் பல்போல இருக்கட்டும் என்று. படத்தைப் பார்த்தவர்களில் ஒருவர்கூடப் பல்லைப் பற்றிப் பேசவில்லை. வெளிச்சம் எப்படி விழுந்திருக்கிறது என்றுதான் பேசினார்கள்.

தங்கைக்குக் கண் நன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்தே இதில் ஒரு பாரபட்சம் உண்டு. பெரியவள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியபோதே தடித்த கண்ணாடி மூக்கில் ஏறிவிட்டது. பள்ளியில் அவளுக்குப் பெயரே சோடாபுட்டி. சின்னவளோ தெருக்கோடியில் பஸ் திரும்பும்போதே அதன் எண்ணைச் சொல்லிவிடுவாள். ஊசியில் நூல் கோக்க, கீழே விழுந்த திருகாணியைத் தேட, “சின்னவளைக் கூப்பிடு” என்பதுதான் வீட்டில் வழக்கம். கண்ணுக்குக் கண்ணாக வளர்ந்தவர்கள்தான். ஆனால் அந்த ‘சின்னவளைக் கூப்பிடு’ பெரியவளின் காதில் இன்னும் முள்ளாகக் கிடந்தது.

ஒரு ஞாயிறு அவள் தங்கையிடம், ஏதோ பொழுதுபோக்குக்குக் கேட்பவள்போல, “அந்தக் கேமராவை ரெண்டு நாள் வெச்சுக்கட்டுமாடி?” என்று கேட்டாள்.

“தாராளமா வெச்சுக்கோக்கா. ஃபோகஸ் மட்டும் பார்த்துப் பண்ணு. கண்ணாடியோட கஷ்டம்தான்.”

‘கண்ணாடியோட கஷ்டம்தான்’ என்று அவள் எதார்த்தமாகத்தான் சொன்னாள். பெரியவளுக்குச் சுருக்கென்றது.

கஷ்டம் என்றால் அப்படி இப்படிக் கஷ்டமில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் கண் கேமராவின் பார்வைத் துளையை ஒட்டி உட்காராது. படத்தின் நடுப்பகுதி தெரியும், ஓரங்கள் எங்கேயோ போய்விடும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் எல்லாமே கஞ்சி. ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி அவள் லென்ஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியில் அம்மா பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்டி? பாஸ்போர்ட் ஆபீஸ்லகூட இப்படி உட்கார வைக்க மாட்டாங்க.”

“கொஞ்சம் சிரிம்மா.”

“என்னத்துக்கு?”

அவள் பட்டனை அழுத்தினாள். ஃபிலிமைக் கழுவிப் படங்கள் வந்தபோது, ஒவ்வொன்றிலும் அம்மா கலங்கலாக இருந்தாள். பின்னாலிருந்த ஃப்ரிட்ஜ் கூர்மையாக விழுந்திருந்தது. தங்கை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

“ஃப்ரிட்ஜ் ரொம்ப அழகா வந்திருக்குக்கா,” என்றாள். அம்மா சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, சுவரில் இருக்கிற அதே சிரிப்பு.

அன்று மாலை பெரியவளின் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற மனிதர். வாய்த் துடுக்கு அதிகம்.

“எங்கேயோ தீயற வாசனை வருதே. அடுப்பை அணைச்சியா?”

“அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு.”

“அப்போ வேற எதுவோ எரியுது.”

“நானே ஒரு கேமரா வாங்கப் போறேன்,” என்றாள் அவள்.

அவர் மெதுவாகக் கூடத்துக்கு நழுவினார்.

பழைய கேமராக்களை விற்கிற கடை ஒரு வணிக வளாகத்தின் மாடியில், டைப்பிங் சென்டருக்கும் பூட்டிக் கிடந்த டிராவல் ஏஜென்சிக்கும் நடுவில் இருந்தது. வேலை முடிந்து, யாரிடமும் சொல்லாமல் போனாள். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் பேச்சுத்துணைக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர் போலிருந்தது.

“எந்த மாதிரி படம் எடுக்கப் போறீங்க மேடம்? ஊர், மலை, பறவை?”

“ஆளைத்தான்.”

“எந்த ஆளை?”

“அதை விடுங்க. இந்தக் கண்ணாடியோட ஃபோகஸ் பண்ண முடியணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.”

அவர் முதலில் நீட்டியதில், நடுவே ஒரு சின்ன வட்டம் இருந்தது. ஃபோகஸ் சரியில்லாவிட்டால் வட்டத்துக்குள் தெரியும் கோடு இரண்டாக முறிந்து நிற்கும். வளையத்தைத் திருப்பி ஒட்ட வைத்துவிட்டால் சரி. கோடு ஒட்டுவது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் வட்டத்தைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. சாவித் துவாரம் வழியாக அடுத்த வீட்டுக் கூடத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. எடுக்கும்போது அதன் உலோக விளிம்பு அவள் கண்ணாடியில் உரசிக் கீச்சென்றது.

“கண்ணாடியைக் கழட்டிட்டு, இந்தத் துளையிலேயே பவர் லென்ஸ் மாட்டிக்கலாமே?” என்று அவளுடைய கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தார். “அடடா, சிலிண்டர் பவர் வேற இருக்கா. அப்போ சரிவராது, இதுக்குச் சாதா பவர் லென்ஸ்தான் கிடைக்கும்.”

“சரிவந்தாலும் வேண்டாங்க. கழட்டினா எதிர்ல இருக்கறவங்க எங்கேன்னு நான் தடவிப் பார்க்கணும்.”

“தானாவே ஃபோகஸ் பண்ற ஃபிலிம் கேமரா இருக்கு. பட்டனை அமுக்கினா போதும், நிம்மதி.”

“என் தங்கச்சி கையாலதான் திருப்பறா.”

கடைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேல் தட்டிலிருந்து இன்னொன்றை இறக்கினார். கண்ணாடி போட்டவர்களை மனதில் வைத்தே செய்தது என்றார். உண்மைதான். கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் நான்கு மூலைகளும் அடங்கித் தெரிந்தன. கடைக்காரரின் மீசை, அவருக்குப் பின்னால் நாட்காட்டி, கதவின் தாழ்ப்பாள் எல்லாம். அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதுதான், இதுதான் என்று மனது அடித்துக்கொண்டது. கேமராவை இறக்கியபோதுதான் முகப்பில் இருந்த வெள்ளை எழுத்து கண்ணில் பட்டது.

“இதே பேர் போட்டுத்தான் என் தங்கச்சிகிட்டேயும் ஒண்ணு இருக்கு.”

“ஆமாங்க, ஒரே கம்பெனி. அதுக்கு இதை அண்ணன்னு வெச்சுக்கோங்க.”

அவள் அதை மேஜைமேல் வைத்தாள். “வேற காட்டுங்க.”

“மேடம், உங்க கண்ணுக்கு இதைவிட வசதியானது…”

“வேற.”

இதை அவள் பின்னால் கணவரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பொருத்தமான ஒன்றை வேண்டாம் என்று தள்ளியது கண்ணல்ல, வயிறுதான்.

கடைசியாக வந்தது ஒரு பெட்டி. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேலே உள்ளது பார்க்க, கீழே உள்ளது படம் எடுக்க. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சதுரக் கண்ணாடி. கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலேயிருந்து குனிந்து அந்தச் சதுரத்தைப் பார்க்க வேண்டும். கண்ணை எதன்மீதும் ஒட்ட வேண்டாம்.

அவள் குனிந்தாள். வயதாகிவிட்டதால் அவளுடைய கண்ணாடியின் அடிப்பகுதியில் படிக்கிற பவர் இருந்தது. குனிந்ததும் பார்வை தானாக அந்த இடத்துக்குப் போனது. லேப் மேஜையில் பல் அச்சை வைத்துக்கொண்டு குனிகிற அதே தூரம், அதே கழுத்துச் சாய்வு. சதுரத்துக்குள் கடைக்காரர் வண்ணமாக, சிறிதாக, இடவலம் மாறி நின்றுகொண்டிருந்தார். பக்கவாட்டுக் குமிழைத் திருப்பினாள். அவர் கலங்கினார், தெளிந்தார், மறுபடி கலங்கினார். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் உள்ளேயிருந்து எழும்புகிற ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தது.

“இது கொஞ்சம் பழைய காலத்து வேலைங்க. ஆள் வலப்பக்கம் நகர்ந்தா இதுல இடப்பக்கம் போவாங்க. தடுமாறும்.”

“தடுமாறட்டும்,” என்றாள். “இது அவகிட்ட இல்லையே?”

“உங்க தங்கச்சிகிட்டயா? இந்த ஊர்லயே நாலு பேர்கிட்ட இருந்தா அதிகம்.”

அவள் பையைத் திறந்து பணத்தை எண்ணினாள்.

தடுமாறத்தான் செய்தது. முதல் ரோல் முழுக்க வாசற்படி, செருப்பு, அச்சகத்துப் பனியனோடு கணவர். வெளிச்சத்தை அளக்க ஃபோனிலேயே வழியிருந்தது. அதை மகள்முறை ஆகிற பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாவது ரோலில் கணவரின் மூக்கும் கண்ணும் அதனதன் இடத்தில் வந்தன. அதன்பிறகுதான் அம்மாவிடம் போனாள்.

விடுமுறை நாள் காலை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், தலை சீவாமல், இன்னும் பல் வைக்காமல். பெரியவள் எதிர் நாற்காலியில் அமர்ந்து, பெட்டியை மடியில் வைத்துக் குனிந்து குமிழைத் திருப்பினாள். முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்புப் பொருள் நீட்டப்படாததால், படம் எடுக்கிறார்கள் என்றே அம்மாவுக்குத் தோன்றவில்லை.

“பெட்டிக்குள்ள என்னடி தேடற? சாப்பிட்டியா நீ? வேலை வேலைன்னு வெறும் வயித்தோட…”

கிளிக் சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

அந்தப் படத்தில் அம்மா சிரிக்கவில்லை. பல்லில்லாமல் உள்வாங்கிய வாய் பாதி திறந்து, புருவம் நெரிந்து, திட்டலும் விசாரிப்புமாகக் கேமராவுக்குச் சற்று மேலே, மகளின் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்து மச்சத்தில் முளைத்த ஒற்றை முடி வரைக்கும் கூர்மை. அம்மா பார்த்துவிட்டு அலறினாள்.

“ஐயோ, பொக்கை வாயோடவா எடுத்த? கிழிச்சுப் போடுடி!”

பெரியவள் கிழிக்கவில்லை. ஞாயிறன்று தங்கை வருகிற நேரம் பார்த்து, அதைச் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். காது மட்டும் வெளியே இருந்தது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தங்கை அடுப்படிக்கு வந்தாள், படம் கையில்.

“அம்மாவுக்குப் பல் முழுக்கவே இல்லையாக்கா?”

“எப்பவோ போயிடுச்சு. நீ வர்ற அன்னைக்குக் காலையில முதல் வேலையா வெச்சுக்குவா. ‘சின்னவ வர்றா, பல்லை எடு’ன்னு என்னைப் போட்டு விரட்டுவா.”

தங்கை படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “என்னை அம்மா இப்படிப் பார்த்ததே இல்லை. வந்தா சிரிக்கிறா. விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.” “எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுத் தர்றியா?”

அவ்வளவு நாள் எரிந்த வயிற்றில் யாரோ குளிர்ந்த நீரை ஊற்றியது போலிருந்தது பெரியவளுக்கு. தங்கையின் கண் கலங்குவதைப் பார்த்தும் அந்தக் குளிர்ச்சி குறையவில்லை. அதற்காக வெட்கமும் பட்டாள். “பார்க்கலாம்,” என்றாள்.

பிரிண்ட் கொடுத்தாள், கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டு. நெகட்டிவைக் கேட்டபோது மட்டும் “எங்கேயோ வெச்சேன்” என்றாள்.

சின்னவள் சும்மா இருப்பவளா? அதற்குப் பிறகு வேலை நாட்களிலும் அலுவலகம் முடிந்து போகிற வழியில் வரத் தொடங்கினாள். முதலில் அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். போகப் போகக் கையை எடுத்தாள். ஒருநாள் பெரியவள் லேபிலிருந்து சீக்கிரம் திரும்பியபோது, ஜன்னலோரம் அம்மா பொக்கை வாயோடு உட்கார்ந்து, “மெதுவாடி, மண்டையைப் பேர்த்துடாதே” என்று திட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவள் தங்கை. திட்டு வாங்கிய முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

எரிச்சல் பழையபடி குப்பென்று கிளம்பியது. அந்தத் திட்டும் தனக்கு மட்டும் இல்லையா இனிமேல்? செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தாள்.

“அப்படியே இருங்க ரெண்டு பேரும்.”

சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. முன்னால் அம்மா, ஒரு கை நீளம் பின்னால் தங்கை. இந்த வெளிச்சத்தில் இரண்டு முகத்தில் ஒன்றுதான் தெளிவாக விழும் என்பது சதுரத்துக்குள் குனிந்ததுமே தெரிந்தது. குமிழை இப்படித் திருப்பினால் தங்கை, அப்படித் திருப்பினால் அம்மா. அவள் அவசரப்படவில்லை. அம்மாவின் கண்ணிமை வரை தெளிய வைத்து அழுத்தினாள்.

படம் வந்ததும் தங்கை வெகுநேரம் பார்த்தாள்.

“நான் ஆவி மாதிரி நிக்கறேனே?”

“வெளிச்சம் கம்மிடி.”

“ஜன்னலுக்குப் பக்கத்துல இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார வெச்சிருக்கலாமில்ல?” என்று சொல்லி, தங்கை அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கேமரா தெரிந்தவள். எல்லாம் புரிந்திருக்கும். “சரி விடு. அடுத்த தடவை நான் முன்னாடி உட்கார்றேன், அம்மா பின்னாடி நிக்கட்டும்.”

“வாக்கரோடவா?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை யாரும் படம் எடுக்கவில்லை.